மாதாவுக்குச் சாத்திய சேலை



இது அறிவுரை அன்று. என் தவறு ஒன்றைப் பற்றிய பதிவு. இதில் வரும் அம்மாவிடம் எழுதியதைப் படித்துக் காட்டி, அவருடைய ஒப்புதலைப் பெற்ற பின்னரே வெளியிடுகிறேன். அவருடைய பெயரையும், அவரை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தமிழ்க் குழுமம் ஆண்டுதோறும் ஆரோக்கிய அன்னையின் விழாவைக் கொண்டாடுகிறது. வேளாங்கண்ணியில் போலவே ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்று பெருவிழா. விழா நாளில் அன்னையின் திருவுருவத்துக்கு யாரேனும் ஒருவர் புதுச்சேலை சாத்துவது வழக்கம். கடந்த ஆண்டு அந்த உரிமையைக் கேட்டு வாங்கியவர் யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்து வந்த ஓர் அம்மா. வயது அறுபதைக் கடந்தவர். நகரத்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணிக்காக, ஊர் உறங்கும்போதே நார்தர்ன் தடத்து இரயிலைப் பிடிப்பவர். மகளுக்கு நோய் தீர்ந்தால் அன்னைக்குக் காஞ்சிபுரம் பட்டு சாத்துவதாக நேர்ந்திருந்தார். மகள் தேறினாள். ஏழு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த 160 பவுண்டில், பெயர்பெற்ற இணையச் சந்தை ஒன்றில், 'அசல் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்ற தலைப்பைக் கண்டு அரக்கு நிறச் சேலை ஒன்றை வாங்கினார். ஆகஸ்ட் 28 அன்று பொதி வந்தது. மறுநாளே மந்திரிக்கக் கொண்டுவந்தார்.

கையில் வாங்கியபோதே எனக்கு ஏதோ உறுத்திற்று. என் தந்தையார் காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறர் தறியில் கூலிக்கு நெய்தவர். பட்டுக்கு ஒரு கனம் உண்டு. முறுக்கிய இழைகள் ஒன்றோடொன்று உரசும்போது மெல்லிய ஓசை எழும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தால் சூடு ஏறும். இந்தச் சேலையோ வழுவழுவென்று நழுவியது, குளிர்ந்தே இருந்தது. கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்க்க என் விரல்கள் தாமாகவே போயின. கோர்வை முறையில் நெய்த சேலையானால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடியிருக்கும். இழைகள் கோத்துப் பிணைந்த தடம் பின்புறத்தில் தெரியும். எல்லாக் காஞ்சிச் சேலையும் கோர்வை அன்று. ஆனால் விளம்பரத்தில் கோர்வை என்றே எழுதியிருந்ததாக அந்த அம்மா பெருமையோடு சொல்லியிருந்தார். பார்க்கப் போன விரலை மடக்கிக்கொண்டேன். அவருடைய முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. மந்திரித்துக் கொடுத்தேன்.

விழா இரவு, எல்லாரும் உணவுக் கூடத்துக்குப் போன பின், பீடத்தின் மெழுகுதிரிகளை நான் ஒருவனாகவே அணைத்துக்கொண்டிருந்தேன். ஒரு திரி சாய்ந்து, சேலையின் முந்தானை நுனியைச் சுடர் தொட்டது. உடனே கையால் அணைத்துவிட்டேன். தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் விரல் நுனியில் ஒன்று ஒட்டியது: கறுத்து, கெட்டியாகி, மிளகளவு உருண்ட ஒரு மணி. பட்டு எரிந்தால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். உருகி மணியாவது பாலியெஸ்டர். சிறுவர்களுக்கும் தெரியும் இந்தச் சோதனையை என் தந்தையார் தறிப்பள்ளத்தில் உட்கார்ந்தபடியே செய்துகாட்டியிருக்கிறார்.

அந்த மணியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நுனி தெரியாதபடி முந்தானையை மடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் அழகானவை. அன்னை துணியைப் பார்ப்பதில்லை, உள்ளத்தைப் பார்க்கிறார். நேர்த்தி நிறைவேறிவிட்டது. ஏழு மாத உழைப்பைப் போலி என்று சொல்லி ஒரு தாயின் நெஞ்சை ஏன் கீற வேண்டும்? இவை பொய்யல்ல. ஆனால் உண்மையான காரணம் இவற்றுக்கு அடியில் கிடந்தது: அந்தச் செய்தியைச் சொல்லும் ஆளாக இருக்க நான் விரும்பவில்லை.

அன்று நான் எண்ணிப் பாராத கணக்கு ஒன்றும் உண்டு. பொதி வந்து அது பதினோராம் நாள். இந்நாட்டில் வணிகர் ஒருவரிடம் இணையவழி வாங்கிய பொருளை, 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் எனலாம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருள் விவரிப்போடு பொருந்தவில்லையானால் 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்த இரவில் நான் வாய் திறந்திருந்தால் இரண்டு கதவுகளும் அவருக்குத் திறந்தே இருந்தன. நான் இரக்கம் என்று எண்ணியிருந்த நாட்களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன.

நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து வேறொரு தாய் மூன்று சேலைகளை மந்திரிக்கக் கொண்டுவந்தார். மகளின் திருமணத்துக்காம். உறையைப் பிரிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, அதே வழவழப்பு. "எங்கே வாங்கினீர்கள், அம்மா?" என்றேன். "எங்கட மாதாவுக்குச் சாத்தினவை எல்லோ சுவாமி, அதே கடைதான்" என்று கைப்பேசியை நீட்டினார். விற்பனையாளரின் பக்கத்தில், வாங்கியவர்கள் இட்ட படங்களுக்கு நடுவே, எங்கள் ஆலயத்துப் பீடம் இருந்தது. மெழுகுதிரிகள், மலர்கள், அரக்குச் சேலையில் அன்னை. கீழே ஐந்து விண்மீன்கள். விழா மகிழ்ச்சியில் அந்த அம்மாவின் பேரன் இட்ட மதிப்புரை அது. அதைப் பார்த்து நம்மவர்களில் இன்னொருவரும் வாங்கியிருந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போலிச் சேலை ஒன்றுக்கு எங்கள் பீடமே முத்திரையாகியிருந்தது.

முத்திரை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொதிகளின்மேல் சோழர் தம் புலிப் பொறியை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது சுங்கத்துக்கான பொறி. என்றாலும், ஒரு பொதியை ஒரு பொறுப்பான கை பார்த்திருக்கிறது என்பதற்கு அது சான்று. இன்று காஞ்சிபுரம் பட்டுக்கு அத்தகைய பொறிகள் இரண்டு. 2005-06-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மரபில், அந்த நிலப்பகுதியில் நெய்யாத சேலையை அப்பெயரால் விற்பது இந்தியச் சட்டப்படி குற்றம். மற்றொன்று, மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியால் 2004-இல் தொடங்கிய 'சில்க் மார்க்' என்னும் சீட்டு. அது இழை தூய பட்டு என்பதற்கு உறுதி, ஊருக்கு அன்று.

ஆனால் திரையில் நாம் காண்பது பொறியை அன்று, பொறியின் படத்தை. அந்த விற்பனையாளரின் பக்கத்திலும் சில்க் மார்க் சீட்டின் படம் இருந்தது. எங்கோ ஓர் உண்மைக் கடையின் சேலையையும் சீட்டையும் படம் எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். வந்த பொதியில் சீட்டே இல்லை. தலைப்பில் 'அசல் காஞ்சிபுரம்'. பல திரைகள் கடந்து, அடியில், சிற்றெழுத்தில், 'ஆர்ட் சில்க் கலவை'. கலைப்பட்டு என்று நம்மவர்கள் அதைப் படித்துக்கொள்கிறார்கள். கலை அன்று; செயற்கை என்ற ஆங்கிலச் சொல்லின் தலை அது. 'காஞ்சிபுரம் ஸ்டைல்', 'சாஃப்ட் சில்க்', 'செமி சில்க்' என்பவையும் பெரும்பாலும் இந்தக் குடும்பமே. பெரிய சந்தையின் பெயரைப் பார்த்து நாம் நம்புகிறோம். விற்பவரோ அந்தக் கூரையின்கீழ் இடம் பிடித்த மூன்றாம் ஆள். அவருடைய பெயரும் முகவரியும் இன்னொரு தட்டலுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே போவார் சிலரே.

மறுநாள் அந்த அம்மாவின் பணி முடியும் நேரத்துக்காகக் காத்திருந்து, "கொஞ்சம் நடக்கலாமா, அம்மா?" என்று கேட்டேன். வாண்டில் ஆற்றோரமாக மெர்ட்டன் அபே மில்ஸ் பக்கம் நடந்தோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்த ஆற்றின் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். அதுவும் துணியின் கதைதான். சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் ஒரு காலத்தில் இலண்டனையே மயக்கின. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் கூக்குரலால் 1700-இல் இந்நாட்டு நாடாளுமன்றம் இந்தியாவின் அச்சுத் துணி விற்பனைக்குத் தடை விதித்தது. 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடுத்தது. இதற்கிடையே வாண்டில் ஆற்றின் கரைகளில் துணியச்சுப் பட்டறைகள் பெருகின. நம் கரையின் கொடியும் பூவும் இங்கே அச்சேறின. 1881-இல் வில்லியம் மோரிஸ் தம் பட்டறையை மெர்ட்டனுக்கு மாற்றியது இந்த ஆற்று நீர் சாயத்துக்கு ஏற்றது என்பதால்தான். மலிவான இரசாயனச் சாயங்களை வெறுத்து, அவுரியிலும் மஞ்சிட்டி வேரிலும் நிறம் எடுத்தவர் அவர்.

"அப்ப இவையளும் எங்கட துணியைப் பாத்துத்தான் செய்தவையோ?" என்று கேட்டார் அம்மா.

"ஆம் அம்மா. பார்த்துச் செய்வதில் பழியில்லை. 'மெர்ட்டனில் அச்சிட்டது' என்று சொல்லி விற்றால் அது மெர்ட்டன் துணி. 'மசூலிப்பட்டணத்துத் துணி' என்று சொல்லி விற்றால்தான் அது போலி. பாலியெஸ்டரை பாலியெஸ்டர் என்று விற்றால் அதுவும் நேர்மையான துணியே" என்றேன். பின்னர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அந்தக் கறுப்பு மணியை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சுவாமி, எனக்கு முதலே தெரியும். விழாவுக்கு முதல் நாள் இரவு சீலையை மினுக்கேக்குள்ள கரை அப்பிடியே சுருண்டு பெட்டியில ஒட்டிப் போச்சு. பட்டு அப்பிடி ஒட்டாது எண்டு எனக்குத் தெரியாதே? என்ர கூறை காஞ்சிபுரம்தான். ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? இந்த வயசில ஏமாந்து போனன் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. பேரன் படம் போட்டதும் தெரியும். அந்தப் பிள்ளையின்ர அம்மா லிங்க் கேக்கேக்குள்ள குடுக்காமல் விட ஏலாமப் போச்சு. குடுக்காட்டி ஏன் எண்டு கேப்பா எல்லோ?"

இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிய துண்டைக் கத்தியால் சுரண்டி எடுத்து, சுருண்ட கரையை உள்பக்கமாக மடித்துத் தைத்து, அதன்பின் பீடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் முந்தானை நுனியை மடித்து மறைத்தேன். அவர் கரையை மடித்து மறைத்தார். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சேலையை மூடிவைத்திருக்கிறோம். முகம் தெரியாத அந்த விற்பனையாளருக்கு அவருடைய சொந்தத் தந்திரத்தைவிட எங்கள் வெட்கம் அதிகம் உதவியிருக்கிறது.

உறவுகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். போலிப் பொருளைப் பற்றிய பெருங்கணக்குகள் நமக்குக் கிடைக்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் எல்லை கடந்த கள்ளப் பொருள் வணிகம் 46,700 கோடி அமெரிக்க டாலர். உலக இறக்குமதியில் 2.3 விழுக்காடு. ஏமாந்தும் வெளியே சொல்லாமல் பொருளைப் பெட்டிக்குள் மடித்து வைத்தவர்களை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை. அந்த மௌனம்தான் அடுத்த வாங்குபவருக்கு ஐந்து விண்மீனாகத் தெரிகிறது. இந்நாட்டில் 2024-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம், போலி மதிப்புரை எழுதுவதையும் எழுதுவிப்பதையும் 2025 ஏப்ரல் 6 முதல் தடைசெய்திருக்கிறது. ஆனால் எங்கள் பீடத்தின் படம் போலி மதிப்புரை அன்று. ஒரு சிறுவன் உண்மையான மகிழ்ச்சியோடு எழுதியது. அதைத் திருத்தும் பொறுப்பு எங்களுடையது.

சேலையோடு முடிகிற செய்தியும் அன்று இது. நம் இளைஞர் பலர் படிப்புக்கு நடுவே மின்மிதிவண்டியில் உணவு கொண்டுசேர்த்துப் பிழைக்கிறார்கள். மலிவான மின்கலமும் பொருந்தாத சார்ஜரும் அவர்களுடைய நெருக்கமான அறைகளில் இரவெல்லாம் செருகிக் கிடக்கின்றன. 2023-இல் இலண்டன் தீயணைப்புப் படையினர் மின்மிதிவண்டி, மின்ஸ்கூட்டர் தீக்களுக்குச் சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை சென்றார்கள். இணையச் சந்தைகளில் தரம் உறுதியற்ற மின்கலங்களை வாங்கவேண்டாம் என்று அவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். போலிச் சேலையைப் பற்றி நாம் மூடிவைத்தால் பணம் போகும். சூடேறும் சார்ஜரைப் பற்றி மூடிவைத்தால் உடன் தூங்குகிறவரின் உயிர் போகலாம். அறைத்தோழரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பிறகு நடந்தவை இவை. மூன்று சேலை வாங்கிய தாய்க்கு 30 நாட்கள் முடியவில்லை, அட்டையில் கட்டியிருந்தார். விளம்பரப் பக்கத்தின் படங்கள், சிற்றெழுத்து வரி, உருகிய இழை எல்லாவற்றையும் படம் எடுத்து விற்பனையாளருக்கும் சந்தைக்கும் எழுதினோம். பதில் இழுபட்டதால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்டோம், பணம் திரும்பியது. நேர்ந்துகொண்ட அம்மாவும் டெபிட் கார்டில்தான் கட்டியிருந்தார். சார்ஜ்பேக் என்பது சட்டம் அன்று, அட்டை நிறுவனங்களின் விதி; பொதுவாக 120 நாட்கள் வரை கேட்கலாம். காலம் குறைவாக இருந்தது; டிசம்பர் நடுவில் அவருக்கும் கிடைத்தது. கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள பொருளை வாங்கியவர்களுக்கு 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75 துணை நிற்கும். ஆனால் சந்தை நிறுவனம் நடுவில் நின்று பணம் வாங்கும்போது அந்தத் துணை எப்போதும் கிடைப்பதில்லை.

மூன்றாமவருக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் விற்பனையாளர், "சந்தைக்கு வெளியே வாருங்கள், 20 பவுண்டு குறைத்துத் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அழைத்து, 140 பவுண்டை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் செய்திருக்கிறார். சேலை ஒன்று கையில் வந்துவிட்டதால் அதை வணிகத் தகராறு என்றே வங்கி கருதியது. தள்ளுபடி என்ற சொல்லுக்குப் பின்னால் வெளியே அழைக்கும் எவரையும் நம்பாதீர்கள்; வாசலைத் தாண்டியதும் காவல் இல்லை. அந்த 140 பவுண்டை நான் அவருக்குக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "இது தருமம் அன்று, நான் பட்ட கடன்" என்று சொன்னபின் வாங்கிக்கொண்டார்.

குடிமக்கள் ஆலோசனை மையமான 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணை (0808 223 1133) எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் சொல்வதை அவர்கள் வணிகத் தரக் கண்காணிப்புத் துறைக்கும் தெரிவிப்பார்கள். மொழி தடையானால் உங்களோடு அமர்ந்து பேச எங்கள் இளைஞர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூடத்தில் இருப்பார்கள். பொதி வந்த முதல் வாரத்திலேயே வாருங்கள். என்னைப் போல நாட்களை எண்ணாமல் விடாதீர்கள். பட்டா என்ற ஐயம் இருந்தால், உள்மடிப்பிலிருந்து இரண்டே இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். நீங்கள் செய்யத் தயங்கினால் நான் செய்து தருகிறேன். என் தந்தையாரின் தொழில் அதற்காவது உதவட்டும்.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று, அறிவிப்புகளுக்குப் பின் அந்த அம்மாவே எழுந்து முன்னே வந்தார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. "நான் ஏமாந்து போனன். எனக்குத் தெரிஞ்சும் உங்களுக்குச் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவ்வளவுதான். கூடத்தில் தேநீர் குடிக்கும்போது ஒருவர் தம் போலிக் கைப்பையைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் மூன்று மாதத்தில் பொங்கிய கைப்பேசி மின்கலத்தைப் பற்றி. வேறொருவர் பிள்ளைக்கு வாங்கிய மூக்குத்தியின் பொன்முலாம் உரிந்ததைப் பற்றி. ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்திருந்தவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் விரிந்தன. பேரன் தன் மதிப்புரையைத் திருத்தி, ஒற்றை விண்மீனோடு அந்தக் கறுப்பு மணியின் படத்தைப் போட்டான். சில நாட்களில் அந்தக் கடையே பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. வேறு பெயரில் வரக்கூடும். அப்போதும் பார்த்துக்கொள்வோம்.

அன்னைக்கு இப்போது அந்த அம்மாவின் பெட்டியிலிருந்து வந்த பருத்திச் சேலை ஒன்று சாத்தியிருக்கிறது. வெளுத்த நீலம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட நாளில் உடுத்தியிருந்ததாம்.

அரக்குச் சேலையை எறிய அவருக்கு மனமில்லை. கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டும்போது கொண்டுவந்து, குடிலின் பின்புறத்தில் அந்திவானமாகக் கட்டச் சொன்னார். விளக்கொளியில் அழகாகத்தான் இருந்தது. "என்ன துணி அக்கா, பட்டோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பொலியெஸ்டர், பிள்ளை" என்றார் அவர், தயங்காமல்.

இறையாசி உங்களோடு இருப்பதாக.